மணலில் எழுதிய கணக்கு

“எனக்குக் கணக்கு வராது” என்று ஒரு பிள்ளை முதன்முதலாகச் சொல்லும் நாள் பெரும்பாலும் எட்டாம் வகுப்பிற்கும் பத்தாம் வகுப்பிற்கும் இடையில் வந்து சேர்கிறது. அதுவரை கடைக்குச் சென்று மீதிச் சில்லறையைப் பிழையின்றி வாங்கி வந்த பிள்ளைதான் அது. பெருநாளைக்குக் கிடைத்த காசைத் தம்பி தங்கையருக்குச் சரிசமமாகப் பங்கிட்ட பிள்ளையும் அதுவே. அல்ஜீப்ராவும் திரிகோணமும் ஓம் விதியும் கரும்பலகையில் தோன்றியதும் அதன் முகம் வாடிவிடுகிறது. பெற்றோரும், “நம் குடும்பத்திலேயே யாருக்கும் கணக்கு வராது” என்று ஒரு தீர்ப்பை எழுதி முடித்துவிடுகின்றனர். பெண் பிள்ளையாயின் அத்தீர்ப்பு இன்னும் விரைவாக எழுதப்படுகிறது. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு, அதன்பின் எந்தப் படிப்பு, எந்தத் தொழில் என்பவை அனைத்தையும் இந்த ஒரு சொல்லே முடிவு செய்துவிடுவதால், இதனைச் சிறு செய்தியாகத் தள்ளிவிட இயலாது.

குறை பிள்ளையிடத்தில் இருக்கிறதா, கற்பிக்கும் முறையில் இருக்கிறதா? இவ்வினாவிற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரைகளும், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் கடந்து சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையும் தம்மிடத்தே ஒரு கல்வி வரலாற்றை வைத்திருக்கின்றன. அவ்வரலாற்றின் சில ஏடுகளை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

திண்ணையும் மணலும்

ஆங்கிலக் கல்வி வேரூன்றுவதற்கு முன் நம் ஊர்களில் எழுத்தும் கணக்கும் கற்பித்தவை திண்ணைப் பள்ளிகள். தரையிலே மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்தை எழுதச் செய்வர். பிழையாயின் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், பலகை புதிதாகிவிடும். கை திருந்திய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வரும். முன்னதாகக் கற்றுத் தேர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று வாய்பாட்டைச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வர். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று என்பன அவர்களின் பாட நூல்கள்.

இப்பெயர்களைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். நெல்லிலக்கம் என்பது நெல்லை அளக்கும் கணக்கு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். பொன்னிலக்கம் பொன்னை நிறுக்கும் கணக்கு. குழிமாற்று நிலத்தின் பரப்பை அறியும் கணக்கு. பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. எட்டில் ஒன்று அரைக்கால். பதினாறில் ஒன்று வீசம். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. அக்காணியின் காற்பங்காகிய முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. பிள்ளை இவற்றை மனப்பாடம் செய்தது உண்மை. ஆயினும் அது மனப்பாடம் செய்த ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு மரக்காலோ, ஒரு தராசோ, ஒரு வயலோ இருந்தது.

செங்கற்பட்டுச் சீமையில் இக்கணக்குக்கு வேலையும் மிகுதி. ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலி வாலாஜா 1763இல் இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் இங்குள்ள ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். அக்கணக்குகளிலிருந்து தெரிய வருவது யாதெனில், களத்தில் குவிந்த நெல் பல பங்குகளாகப் பிரிக்கப்பட்டது என்பதாகும். ஏரி மடையைத் திறப்பவர், காவற்காரர், தச்சர், கொல்லர், கணக்கர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னம் உரியதாயிருந்தது. அப்பின்னத்தில் பிழை நேர்ந்தால் ஒரு வீட்டின் உலை அன்று கொதிக்காது. பின்னக் கணக்கு உயிருள்ள கணக்காக இருந்த காலம் அது.

சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாகாணத்திலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு 1822இல் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826 மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பு, மாகாணம் முழுவதும் 12,498 கல்விக்கூடங்கள் இருந்ததாகக் கூறுகிறது. செங்கற்பட்டு மாவட்டத்தில் மட்டும் 508 பள்ளிகள் இருந்தன. வீட்டிலேயே கற்ற பிள்ளைகள் இக்கணக்கில் முழுமையாகச் சேரவில்லை என்பதை மன்றோவே ஒப்புக்கொள்கிறார். காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இவ்வறிக்கைகளைத் திரட்டி 1983இல் நூலாக வெளியிட்ட பின்னரே இச்செய்தி பலருக்கும் தெரியலாயிற்று.

ஆயினும் பழமையைப் போற்றும் வேகத்தில் அதன் குறையை மறைத்தல் நேர்மையன்று. அத்திண்ணைகளில் பெண் பிள்ளைகளைக் காண்பது அரிது. உழைத்து நெல்லை விளைவித்த எத்தனையோ குடிகளின் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் ஏறும் உரிமையே இல்லை. பிரம்பும் இருந்தது, பிரம்பைவிடக் கொடிய தண்டனைகளும் இருந்தன. “ஏன்?” என்று கேட்கும் பிள்ளைக்கு ஆங்கே பெரும்பாலும் இடமில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் மணலையும் மரக்காலையுமே. அதன் வாயிற்காவலையும் பிரம்பையும் அல்ல.

கடல் கடந்த மணல்

1753இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தவர் ஆண்ட்ரூ பெல். இயற்கை விஞ்ஞானம் பற்றி விரிவுரை நிகழ்த்தும் நோக்கத்தோடு 1787இல் இந்தியாவுக்கு வந்த இப்பாதிரியார், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்களோ ஆர்வமற்றவர்கள். எழுத்துகளைக் கற்பிப்பதற்கே மாதக்கணக்கில் காலம் கடத்தினர். ஒரு நாட்காலை அவர் சென்ற வழியில் தமிழ்ப் பிள்ளைகள் மணலில் அமர்ந்து விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். உடனே தம் பள்ளிக்குத் திரும்பி அம்முறையைக் கைக்கொள்ளுமாறு பணித்தார். அவருடைய ஆசிரியர், அது நடவாது என்று மறுத்துவிட்டார். பெல் சோர்ந்துவிடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அப்பொறுப்பை ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். பின்னர் அப்பள்ளியின் வகுப்புகள் யாவும் மாணவர்களாலேயே நடத்தப்படலாயின.

பெல் 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே தம் சோதனையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1798இல் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இது இங்கிலாந்தெங்கும் பரவியது. பெல்லின் பணத்தைக் கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்பதே பெயர். 1832இல் மறைந்த அவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கவிடம் கிடைத்தது. அவருக்கு இம்முறையைக் காட்டிய தமிழ்த் திண்ணை ஆசிரியரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து சென்றன, மரக்கால் செல்லவில்லை. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, குறைந்த செலவில் எழுத்தும் எண்ணும் புகட்டும் இயந்திரமாக அம்முறை மாறிற்று. சிக்கனத்திற்கு அது உதவியது. சிந்தனைக்கு அவ்வளவாக உதவவில்லை. ஒரு நல்ல முறையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அதன் உயிரை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதுவே சான்று.

பறங்கிமலையில் ஒரு சங்கிலி

எழும்பூர் இல்லத்தின் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தோன்றிற்று. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வித்து அதுவே. அப்பள்ளிக்கு எழும்பூர் இல்லத்துப் பிள்ளைகள் அனுப்பப்பட்டனர். மணலில் எழுத்துப் பழகிய கைகள் கோணமானியையும் சங்கிலியையும் பிடிக்கக் கற்றன.

1802 ஏப்ரல், மே மாதங்களின் கொடும் வெயிலில், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பறங்கிமலையின் அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிப்படைக் கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும். எனவே வெப்பமானிகளை வைத்து அந்நீட்சியையும் கணக்கிட்டார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களை நடந்து அளக்காமலேயே அறிந்துகொள்ளலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடத்திலுள்ள இந்த ஒரே உண்மையின் மீது முக்கோணத்துடன் முக்கோணம் தொடுத்து இமயம் வரை சென்றது அப்பெரும் அளவைப் பணி. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் அறியப்பட்டதும் இந்த வழியில்தான்.

லாம்டனின் நாட்டம் நில வரைபடத்தோடு நிற்கவில்லை; பூமியின் வளைவை, அதாவது ஒரு பாகைக்கு எத்தனை தூரம் என்பதை, அறிவதே அவருடைய பெருநோக்கம். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட முன்னோடிகள் நம்மவர்களிடையே இருந்தனர். பக்தாதில் 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீஃபா மஃமூனின் ஆணைப்படி, வானநூலார் சின்ஜார் சமவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்து, வான உயரம் ஒரு பாகை மாறும் வரை தூரத்தை அளந்தனர். அதன்பின் 973இல் பிறந்த அல்-பீரூனி இன்னும் எளிய வழியைக் கண்டார். பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையின் அருகே ஒரு குன்றின் உயரத்தை முதலில் அளந்தார். பின்னர் அதன் உச்சியில் நின்று, அடிவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். 34 கலை என்று கண்டார். அந்த ஒரு கோணமும் ஒரு குன்றின் உயரமும் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணித்துவிட்டார். அவர் பெற்ற விடை இன்றைய அளவுக்கு மிக அருகில் உள்ளது. காற்றில் ஒளி வளைவதால் நேரும் பிழையை எண்ணிப் பார்த்தால் அந்நெருக்கத்தில் நற்பேற்றின் பங்கும் உண்டு. ஆனால் முறையின் அழகில் குறையேதும் இல்லை.

கலங்கரை விளக்கமும் உருண்டைக் கல்லும்

அல்-பீரூனிக்கு ஒரு குன்று வேண்டியிருந்தது. மாமல்லபுரத்தில் குன்றும் உண்டு. குன்றின்மேல் 1904 முதல் ஒளி வீசும் கல் கோபுரமும் உண்டு. எதிரே தடையற்ற கடலும் உண்டு. சுற்றுலா என்று மாணவரை ஆண்டுதோறும் அழைத்துச் செல்லும் பள்ளிகள் எத்தனை! அங்கே புகைப்படம் எடுக்கின்றனர், சங்கு மாலை வாங்குகின்றனர், திரும்பிவிடுகின்றனர். ஆசிரியர் ஒரே ஒரு வினாவை மட்டும் கேட்டுப் பார்க்கட்டும்: “இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் தெரிகிறது?”

விடைக்கு வேண்டியது பத்தாம் வகுப்பின் பிதாகரஸ் தேற்றம் மட்டுமே. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். பார்வையின் உயரம் ஒன்றரை மீட்டராயின், அடிவானம் ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். 9 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் 10.7 கிலோமீட்டர். 36 மீட்டர் உயரத்திலிருந்து 21.4 கிலோமீட்டர். உயரம் நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்கே ஆகிறது. “நான்கு மடங்கு ஏறினோம், ஏன் நான்கு மடங்கு தெரியவில்லை?” என்று ஒரு பிள்ளை கேட்குமானால், வர்க்கமூலம் என்பது அப்பிள்ளைக்கு இனி வெறும் குறியீடு அன்று. கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், கரை எப்போது மறையும் என்பதைத் தன் தந்தையிடம் கேட்டறிந்து வந்து ஆசிரியருக்கே சொல்லும். அன்று முதல் அப்பிள்ளை கடைசி வரிசையில் ஒதுங்கி அமராது.

சற்றுத் தள்ளிச் சரிவில் நிற்கிறது அந்த உருண்டைக் கல். அதன் எடை இருநூற்றைம்பது டன் என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டி வருகிறோம். கணக்கிட்டுப் பார்த்தால் என்ன? உயரம் ஏறத்தாழ 6 மீட்டர், அகலம் 5 மீட்டர் என்று கொண்டு, நீள்கோளமாகக் கருதினால் கன அளவு 78.5 கன மீட்டர் வரும். கருங்கல்லின் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.65 டன். எனவே எடை 208 டன். வழிகாட்டியின் எண்ணுக்கும் நம் எண்ணுக்கும் ஏன் வேறுபாடு? நம் அளவு பிழையா? வடிவத்தைப் பற்றிய நம் கருத்துப் பிழையா? அவர் சொன்னது வெறும் வாய்மொழியா? இவ்விவாதம்தான் விஞ்ஞானம். அந்தக் கல் ஏன் உருளவில்லை என்று தொடர்ந்து கேட்டால் ஈர்ப்பு மையமும் உராய்வும் தாமே வகுப்புக்குள் வந்துவிடும்.

கடல் உள்வாங்கிய காலை

இதெல்லாம் ஆர்வமூட்டும் வேடிக்கை, அவ்வளவுதானே என்று எண்ணுவோர்க்கு 2004 டிசம்பர் 26 ஆம் நாளை நினைவூட்ட வேண்டும். இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்திராவின் அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஒன்பது மணியளவில் ஆழிப்பேரலை நம் கடற்கரையை அடைந்தது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, அதுவரை நீருக்குள் மறைந்திருந்த பாறைகள் வெளிப்பட்டதைப் பலர் கண்டனர். கடல் பின்வாங்கினால் பேரலை வரும் என்பது நம் கடற்கரைகளில் பெரும்பாலோர்க்குத் தெரியாத செய்தியாயிருந்தது. வியந்து பார்க்கச் சென்றவர் எத்தனையோ பேர்; திரும்பி வராதோர் எத்தனையோ பேர்.

அதே காலையில் தாய்லாந்தின் பூக்கெட் தீவில், விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் பூகோள வகுப்பில் ஆசிரியர் காட்டிய காட்சி அவளுக்கு நினைவு வந்தது. பெற்றோரை வற்புறுத்தினாள், காவலரிடம் செய்தி சென்றது, கரையிலிருந்தோர் அகற்றப்பட்டனர். ஏறத்தாழ நூறு உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அச்சிறுமி அறிவிற் சிறந்தவள் என்பது மட்டுமன்று. தேர்வுத்தாளுக்கு அப்பாலும் நினைவில் நிற்குமாறு அவளுக்குப் பாடம் கற்பிக்கப்பட்டிருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

அலையின் வேகத்தைக் கணிப்பதும் உயர்நிலைப் பள்ளிக் கணக்கே. கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். ஆகாய விமானத்திற்கு நிகரான அந்த வேகம், இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரையைத் தொட்டதன் காரணத்தைச் சொல்லிவிடும். இக்கணக்கைத் தன் கையால் போட்ட பிள்ளை கடலை மறந்தும் ஏமாந்து நோக்காது.

மரக்காலை இழந்த வகுப்பு

இத்துணை வளம் சூழ்ந்திருந்தும் நம் வகுப்பறை ஏன் வறண்டது? 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. 1860களில் சென்னை மாகாணத்தில், மாணவரின் தேர்ச்சிக்கேற்ப மானியம் அளிக்கும் முறை புகுந்தது. ஆய்வாளர் வந்து வினவும்போது பிள்ளை விடை சொன்னால் ஆசிரியருக்குப் பணம். எனவே விடையைப் புகட்டுவதே கற்பித்தல் என்றாயிற்று. அந்த மானியமுறை மறைந்தும் அதன் மனப்பான்மை மறையவில்லை. 1957இல் புதிய நாணயமும் அதனைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் வந்தன. அவை நன்மையே, ஆனால் அரைக்காலும் வீசமும் மாவும் காணியும் வகுப்பை விட்டு வெளியேறியபோது, அவற்றின் இடத்தில் கைக்குப் பிடிக்கும் வேறொன்றை நாம் வைக்கவில்லை. பின்னம் என்பது கோட்டின் மேலொரு எண், கீழொரு எண் என்றாகிவிட்டது. கல்பாக்கத்தில் 1983இல் அணுமின் உலை இயங்கத் தொடங்கிற்று. 1985இல் வேக ஈனுலையும் இயங்கிற்று. உலகம் வியக்கும் விஞ்ஞானம் ஊரின் வாசலில் நின்றது. ஊர்ப் பிள்ளையோ ஓம் விதியை ஒரு மின்கலமும் தொடாமல் உருப்போட்டது.

இவ்வறட்சியை எதிர்த்து நின்றோரும் உளர். அவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் பி.கே. சீனிவாசன். 1924இல் பிறந்த இக்கணித ஆசிரியர் பணிபுரிந்தது சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில். நம் சமுதாயத்தார் செறிந்து வாழும் மண்ணடியை அடுத்த பகுதி அது. மாணவர்களைக் கொண்டே கணிதக் கண்காட்சிகளை நடத்தினார். எண்களோடு நட்புக் கொள்வதற்கென்றே அப்பள்ளியில் ஒரு சங்கம் இயங்கிற்று. கணித மேதை இராமானுஜனை நேரில் அறிந்தோரின் நினைவுகளையும் கடிதங்களையும் தேடித் தொகுத்தார். அந்நினைவு மலரை 1968இல் வெளியிட்டவர்கள் அச்சங்கத்தின் பழைய மாணவர்களே. 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தையும் அவர் அமைத்தார். 2005இல் மறையும் வரை அவருடைய கொள்கை ஒன்றே: சொல்லிக் கொடுப்பதைவிடக் கண்டுபிடிக்க விடுவது மேல்.

வடக்கே மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கிற்று. கிராமத்துப் பிள்ளைகள் எளிய பொருள்களைக் கொண்டு தாமே சோதனை செய்து விஞ்ஞானம் கற்றனர். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002இல் அம்மாநில அரசு நிறுத்திவிட்டது. தமிழகத்தில் 1980இல் தோன்றிய அறிவியல் இயக்கம், 1987 முதல் பிள்ளைகளுக்காகத் ‘துளிர்’ இதழை நடத்தி வருகிறது. நல்ல முறைகள் இல்லாமலில்லை. அவற்றை நிலைக்க விடும் பொறுமைதான் குறைவு.

நம் இல்லங்களின் பங்கு

“பாடத்தை முடிக்கவே நேரமில்லை, தேர்வு வருகிறது, இதில் கலங்கரை விளக்கத்திற்கு எங்கே போவது?” என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. ஆண்டுக்கு ஒரு நாள் சென்றாலும் போதும். அதற்கும் வழியில்லையெனில், பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டால் போதும்.

அந்தக் குச்சியை முஸ்லிம் இல்லங்களைவிட நன்கறிந்தவர் யார்? அஸர் தொழுகையின் நேரத்தை நிழலைக் கொண்டன்றோ நம் முன்னோர் அறிந்தனர்! உச்சிவேளை நிழல் போக, பொருளின் நிழல் அதன் நீளத்திற்குச் சமமாகும் நேரம் ஷாஃபி மத்ஹபின்படி அஸர். இரு மடங்காகும் நேரம் ஹனஃபி மத்ஹபின்படி அஸர். செங்கற்பட்டில் ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் ஒவ்வொரு நாள் கதிரவன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட குச்சிக்கு நிழலே இல்லாமற் செய்கிறான். அன்று நிழல் குச்சிக்குச் சமமாகும்போது கதிரவனின் உயரம் 45 பாகை. இரு மடங்காகும்போது ஏறத்தாழ 26½ பாகை. பிள்ளைகள் அஞ்சும் ‘டேன்ஜென்ட்’ என்பது இதுவே. அதற்கு அறபு வானநூலார் இட்ட பெயர் ‘ழில்’. அதன் பொருள் நிழல். அல்-பீரூனி நிழல்களைப் பற்றியே தனி நூல் எழுதினார்.

வாரிசுப் பங்கீட்டையும் எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் மட்டும் விட்டு மறைகிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. திண்ணைத் தமிழில் அரைக்கால். எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. சொத்தை 24 கூறாக்கினால் தாய்க்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. கூட்டினால் 24. அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த அல்-குவாரிஸ்மி, கலீஃபா மஃமூனின் காலத்தில் எழுதிய தம் நூலின் பெரும்பகுதியை இத்தகைய வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். ‘பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?’ என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமா? தன் பங்கைத் தானே கணிக்கத் தெரியாத மகளுக்கு, மார்க்கம் அளித்த உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

மனப்பாடத்தை நாம் இகழவில்லை. இறைமறையை நெஞ்சில் சுமக்கும் ஹாபிழ்களைப் போற்றும் சமுதாயம் மனப்பாடத்தை எங்ஙனம் இகழும்? ஆனால் ஓதியதை உணர்ந்து, உணர்ந்ததைச் செயலில் காட்டுவதே ஓதலின் நிறைவு என்பது நாம் அறிந்ததன்றோ? கணக்கிற்கும் அதே நீதி. வாய்பாடு நெஞ்சில் இருக்கட்டும். குச்சி கையில் இருக்கட்டும். ‘ஏன்’ என்னும் வினா நாவில் இருக்கட்டும். கீழக்கரையின் வள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மானின் முயற்சியால் 1984இல் இதே செங்கற்பட்டுச் சீமையின் வண்டலூரில் கிரசண்ட் பொறியியற் கல்லூரி எழுந்தது. கல்லூரி வாயில் திறந்திருந்து பயனென்ன, எட்டாம் வகுப்பிலேயே பிள்ளை கணக்கை விட்டு ஓடிவிட்டால்?

இன்று மாலை அஸருக்குப் பாங்கு ஒலிக்கும்போது, பிள்ளையை அழைத்து முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலை மணலில் கோடிட்டு அளக்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நாளையும் அதே நேரத்தில் அளக்கட்டும். கோடு ஏன் நகர்ந்தது என்று பிள்ளையே வந்து கேட்கும். அக்கேள்வி பிறந்த வீட்டில், “எனக்குக் கணக்கு வராது” என்னும் சொல்லுக்கு இடமிராது.